தன் வாலையே தாண்டிச் செல்லும் சரக்கு வண்டி

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. பயணி வண்டி வரும் என்று காத்திருக்கிறீர்கள். ஆனால் வருவதோ சரக்கு வண்டி. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாகன்களை எண்ணத் தொடங்குகிறீர்கள். நாற்பதைத் தாண்டியதும் கணக்குத் தவறிவிடுகிறது. இந்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு அல்லவா?

இப்படி எண்ணுவதையே ஒரு பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தபால் தலை சேர்ப்பவர்களைப் போல, பறவைகளைக் கவனிப்பவர்களைப் போல, இவர்கள் ரயில்களைக் கவனிக்கிறார்கள். அதிலும் ஒரு சாராருக்கு நீண்ட சரக்கு வண்டிகளின் மீதே நாட்டம். குறிப்பேடு, கடிகாரம், காமிரா ஆகியவற்றுடன் பாதையோரத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். முதல் இன்ஜினிலிருந்து கடைசி வாகன் வரை வெட்டாமல் படம் பிடிப்பார்கள். 'ஓடுகிற வண்டியைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?' என்று கேட்கலாம். பள்ளியில் படித்த இயற்பியலில் பாதி அதில் இருக்கிறது என்பதுதான் விடை. எப்படி என்று பார்ப்போம்.

மலையில் ஒரு வளையம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பேக்கர்ஸ்ஃபீல்டு, மொஹாவி என்னும் இரண்டு ஊர்களுக்கு நடுவே டெஹாச்சப்பி மலைத்தொடர் இருக்கிறது. 1876-ல் சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் இம்மலையைத் தாண்டும் பாதையை அமைத்தது. சுமார் 3,000 சீனத் தொழிலாளர்கள் பாறையை உடைத்து, சுரங்கம் தோண்டி, இந்தப் பாதையை உருவாக்கினார்கள். திட்டத்தை வகுத்த பொறியாளர் வில்லியம் ஹூட்.

அவர் முன் இருந்த சிக்கல் இது. ரயில் செங்குத்தாக ஏறாது. 100 மீட்டர் முன்னே சென்றால் 2 மீட்டர் மட்டுமே உயரலாம் என்று வரம்பு வைத்துக்கொண்டார்கள். ஆனால் மலையோ அதைவிட வேகமாக உயர்ந்தது. என்ன செய்வது? உயரத்தைப் பெற வேண்டுமானால் பாதையின் நீளத்தைக் கூட்ட வேண்டும். ஆகவே ஒரு குன்றைச் சுற்றிப் பாதையை வளையமாகக் கொண்டு சென்று, அது தன்னைத் தானே மேலே கடக்கும்படி அமைத்தார் ஹூட். கீழே செல்லும் பாதை ஒரு சுரங்கத்தின் வழியே நுழைகிறது. மேலே செல்லும் பாதை அச்சுரங்கத்தின் தலைக்கு மேலே ஓடுகிறது.

இந்த வளையத்தின் நீளம் ஏறத்தாழ 1,170 மீட்டர். இதை வைத்துக்கொண்டு நீங்களே இரண்டு கணக்குகள் போடலாம். 1,170 மீட்டருக்கு நூற்றுக்கு 2 வீதம் ஏற்றம் என்றால், உயரம் 23.4 மீட்டர். வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் ஏழு மாடிக் கட்டடத்தின் உயரத்தை எட்டிவிடுகிறது! வளையத்தை வட்டம் என்று கொண்டு 1,170-ஐ 3.14-ஆல் வகுத்தால், குறுக்களவு சுமார் 370 மீட்டர் என்று கிடைக்கும்.

இனி வேடிக்கைக்கு வருவோம். வண்டி 1,200 மீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் என்ன ஆகும்? அதன் வால் இன்னும் கீழே சுரங்கத்துக்குள் இருக்கும்போதே, தலை மேலே வந்து அதைத் தாண்டிச் செல்லும்! இந்தக் காட்சியைக் காணத்தான் ரயில் ரசிகர்கள் பல நாடுகளிலிருந்தும் இங்கு வருகிறார்கள். இப்பாதையில் வழக்கமான பயணி வண்டிகள் ஓடுவதில்லை. வருவன பெரும்பாலும் சரக்கு வண்டிகளே. நம் நாட்டில் டார்ஜிலிங் மலை ரயிலில் உள்ள பட்டாசியா வளையமும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். ஆனால் அது சின்னஞ்சிறு வண்டிக்கான சின்னஞ்சிறு வளையம்.

நூற்றுக்கு இரண்டு என்பது சிறிய எண்ணா?

'நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர்தானே, இது ஒரு ஏற்றமா?' என்று தோன்றலாம். சைக்கிளில் சென்றால் நீங்கள் அதைப் பெரிதாக உணரக்கூட மாட்டீர்கள். ஆனால் ரயிலுக்கு அது மலைதான்.

காரணம் ரயிலின் பலத்திலேயே இருக்கிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருளுகிறது. இரண்டுமே கடினமானவை, அதிகம் நசுங்குவதில்லை. ஆகவே சமதளத்தில் உருளுவதற்கு ஏற்படும் எதிர்ப்பு மிகக் குறைவு. மெதுவாகச் செல்லும்போது ஒரு டன் எடைக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் விசை இருந்தால் போதும். அதாவது 10,000 டன் எடையுள்ள சரக்கு வண்டியைச் சமதளத்தில் ஓட்டிக்கொண்டே இருக்க 20 டன் இழுவிசை போதுமானது. ரப்பர் டயர் கொண்ட லாரிகளுக்கு இதைப்போல் நாலைந்து மடங்கு தேவைப்படும்.

அதே வண்டி நூற்றுக்கு 2 வீதம் உள்ள ஏற்றத்துக்கு வரட்டும். இப்போது அதன் எடையில் நூற்றில் இரண்டு பங்கு அதைப் பின்னோக்கி இழுக்கிறது. 10,000 டன்னில் இது 200 டன். சமதளத்தில் 20 டன் விசை கேட்ட வண்டி இப்போது 220 டன் கேட்கிறது. பதினோரு மடங்கு!

இவ்வளவு விசையுடன் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்கே 14,000 குதிரைத் திறனுக்கு மேல் தேவை. ஒவ்வொன்றும் 4,400 குதிரைத் திறன் கொண்ட டீசல் இன்ஜின்கள் நான்கு வேண்டும். வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் இன்ஜின்களையும் ஏறக்குறைய இரு மடங்காக்க வேண்டும். மலைப் பாதையில் சரக்கு வண்டி ஆமை வேகத்தில் செல்வதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? இந்த ஆமை வேகம்தான் படம் எடுப்பவருக்கு வாய்ப்பு. ஒரே வண்டியை ஓரிடத்தில் படம் பிடித்துவிட்டு, காரில் ஏறி அடுத்த வளைவுக்கு முன்னதாகவே போய் மீண்டும் பிடித்துவிடலாம்.

இன்ஜின்களை எங்கே வைப்பது?

எல்லா இன்ஜின்களையும் வண்டியின் முன்னால் மாட்டிவிட்டால் என்ன? இரண்டு தொல்லைகள் வரும்.

முதலாவது, முதல் வாகனின் கொக்கியே மொத்த விசையையும் தாங்க வேண்டும். 200 டன்னுக்கு மேற்பட்ட விசை, அன்றாடம் ஒரு கொக்கி பத்திரமாகத் தாங்கக்கூடிய அளவை மிஞ்சிவிடும். கொக்கி முறிந்தால் வண்டி இரண்டாகப் பிரியும்.

இரண்டாவது தொல்லை வளைவில் வருவது. ஒரு கயிற்றை மேசையின் மேல் வளைத்து வைத்து, இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கயிறு நேராக முயலும். வளைவில் செல்லும் வண்டியும் அப்படித்தான். முன்னால் இன்ஜின்கள் இழுக்க, பின்னால் எடை இழுக்க, நடுவில் உள்ள காலி வாகன்கள் வளைவின் உட்புறமாகச் சாய்ந்து தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடக்கூடும். அதனால்தான் காலி வாகன்களை வண்டியில் எந்த இடத்தில் கோப்பது என்பது முக்கியமான கேள்வியாகிறது.

இவற்றுக்கு விடையாக இன்ஜின்களைப் பிரித்து வைக்கிறார்கள். சில முன்னே, சில நடுவே, சில கடைசியில். நடுவிலும் கடைசியிலும் உள்ள இன்ஜின்களில் ஆள் இருப்பதில்லை! முன்னால் உள்ள ஓட்டுநரே வானொலி அலைகள் மூலம் அவற்றையும் இயக்குகிறார். இம்முறையின் முன்னோடிச் சோதனைகள் அமெரிக்காவில் 1960-களிலேயே தொடங்கிவிட்டன. உலகிலேயே மிக நீளமான, மிகக் கனமான வண்டி ஓடியதும் இம்முறையில்தான். 2001-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் தேதி மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் இரும்புத் தாது வண்டி ஓடியது. 8 இன்ஜின்கள், 682 வாகன்கள், நீளம் ஏறத்தாழ 7.3 கிலோமீட்டர், மொத்த எடை கிட்டத்தட்ட ஒரு லட்சம் டன். ஓட்டியவர் ஒரே ஒருவர்! நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று, சத்தீஸ்கரில் 295 வாகன்களில் சுமார் 27,000 டன் நிலக்கரியுடன் 'சூப்பர் வாசுகி' என்னும் வண்டி ஓடியது. அதன் நீளம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர்.

'கடகட' ஓசையின் இரகசியம்

நின்றிருந்த சரக்கு வண்டி புறப்படும்போது 'கட, கட, கட' என்ற ஓசை முன்னிருந்து பின்னே ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். வாகன்களை இணைக்கும் கொக்கிகளில் சிறிது தளர்ச்சி இருக்கிறது. ஒரு வாகனுக்கு 10 சென்டிமீட்டர் என்று கொண்டாலும், 100 வாகன்களில் அது 10 மீட்டர் ஆகிவிடும். கடைசி வாகன் அசைவதற்கு முன்பே இன்ஜின் 10 மீட்டர் முன்னேறியிருக்கும்! புறப்படும்போது இத்தளர்ச்சி உதவுகிறது. இன்ஜின் ஒவ்வொரு வாகனாக அசைத்தால் போதும். ஆனால் ஓடும்போது திடீரென்று பிரேக் போட்டால், பின்னால் உள்ள வாகன்கள் முன்னால் உள்ளவற்றின் மேல் வந்து மோதும்.

பிரேக்கின் கதையும் சுவையானது. இன்று சரக்கு வண்டிகளில் உள்ள காற்று பிரேக்கின் அடிப்படை, ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-ல் அமைத்த முறை. வண்டியின் நீளம் முழுவதும் ஒரு குழாய் ஓடுகிறது. அதில் அழுத்தப்பட்ட காற்று இருக்கும். ஓட்டுநர் அக்காற்றின் அழுத்தத்தைக் குறைத்தால் ஒவ்வொரு வாகனிலும் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தாலும் அழுத்தம் குறையும். வண்டி தானே நிற்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் அழுத்தம் குறைந்தது என்ற 'செய்தி' காற்றின் வழியே பயணம் செய்ய வேண்டும். அது ஒலியின் வேகத்தை மிஞ்ச முடியாது. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்கிறது. வண்டி 3 கிலோமீட்டர் நீளம் என்றால், பிரேக் போட்ட செய்தி கடைசி வாகனுக்குப் போய்ச் சேரக் குறைந்தது 9 விநாடிகள் ஆகும். அதற்குள் தலை நிற்கப் பார்க்கும். வால் ஓடப் பார்க்கும். கடைசியில் உள்ள இன்ஜினுக்கு வானொலி மூலம் கட்டளை போனால், அதுவும் அதே நொடியில் குழாயின் காற்றை வெளியே விடும். செய்தி இரு முனைகளிலிருந்தும் புறப்படுவதால் நேரம் மிச்சமாகிறது.

நீங்களும் அளக்கலாம்

கைக்கடிகாரம் இருந்தால் போதும், நீங்களும் சோதனை செய்யலாம். நம் நாட்டில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் திறந்த வாகன்களின் பக்கவாட்டில் 'பாக்ஸ்-என்' என்ற வகைப் பெயர் எழுதியிருப்பதைக் காணலாம். ஒரு பாக்ஸ்-என் வாகனின் நீளம், கொக்கிகள் உட்பட, 10.7 மீட்டர். 20 வாகன்கள் உங்களைக் கடக்க 18 விநாடிகள் ஆயின என்று வைத்துக்கொள்வோம். 20 வாகன்களின் நீளம் 214 மீட்டர். அதை 18-ஆல் வகுத்தால் விநாடிக்கு 11.9 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 43 கிலோமீட்டர். மொத்தம் 58 வாகன்கள் இருந்தால் வண்டியின் நீளம் 620 மீட்டர். இவ்வகையில் சுமையோடு ஒரு வாகனின் எடை சுமார் 81 டன் என்று கொண்டால், வாகன்களின் மொத்த எடை ஏறத்தாழ 4,700 டன். கேட்டில் நின்றபடியே ஒரு வண்டியை எடை போட்டுவிட்டீர்கள்!

காதாலும் வேகத்தை அளக்கலாம். ஊதிக்கொண்டே வரும் இன்ஜின் உங்களைக் கடந்ததும் ஊதலின் சுருதி இறங்குவதைக் கவனியுங்கள். இது டாப்ளர் விளைவு. வரும்போது ஒலியலைகள் நெருங்கி வருகின்றன; போகும்போது விலகி விரிகின்றன. இசைப் பயிற்சி உள்ளவர்கள் இதில் வேகத்தையே சொல்லிவிடலாம். சதுச்ருதி ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்கியது போல் கேட்டால், அதிர்வெண்களின் விகிதம் 9-க்கு 8. கணக்கிட்டால் இன்ஜினின் வேகம் ஒலியின் வேகத்தில் பதினேழில் ஒரு பங்கு. அதாவது விநாடிக்கு 20 மீட்டர், மணிக்கு 72 கிலோமீட்டர். சுத்த ரிஷபத்திலிருந்து இறங்கியது போல் கேட்டால் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

காமிரா காட்டும் மாயம்

ரயிலைப் படம் பிடிப்பது புதிய பழக்கமன்று. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வின்ஸ்டன் லிங்க், நீராவி இன்ஜின்கள் மறைந்துகொண்டிருந்த 1955 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில், நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் பாதையில் இரவு நேரத்தில் பல பளிச்சிடும் விளக்குகளை ஒரே நேரத்தில் எரியவிட்டுப் படங்கள் எடுத்தார். அவற்றின் ஓசையையும் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த இன்ஜின்கள் போய்விட்டன, பதிவுகள் இருக்கின்றன.

இன்று கைபேசியே காமிராவாகிவிட்டது. நல்ல படத்துக்குச் சில குறிப்புகள்: சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். காமிராவை முக்காலியில் நிறுத்துங்கள். வண்டியைத் தொடர்ந்து திருப்பாமல், அதைச் சட்டத்துக்குள் தானே வந்து போகவிடுங்கள். ஓசையையும் பதிவு செய்யுங்கள், நடுவில் பேசாதீர்கள்.

எடுத்த படத்தைப் போட்டுப் பார்க்கும்போது ஒரு மாயத்தைக் காணலாம். அமெரிக்கச் சரக்கு வாகன்களின் அச்சு முனைகளில் பேரிங்கை மூடும் வட்டத் தகட்டில் மூன்று போல்ட்டுகள் உண்டு. சக்கரத்தோடு அவையும் சுழலும். படத்தில் சில சமயம் அவை பின்னோக்கிச் சுழல்வது போலத் தோன்றும்! காமிரா ஒரு விநாடியில் 30 படங்கள் எடுக்கிறது. 36 அங்குலச் சக்கரம், வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சுமார் 93 டிகிரி திரும்பிவிடும். மூன்று போல்ட்டுகளும் ஒரே மாதிரியானவை. 120 டிகிரி இடைவெளியில் உள்ளவை. எனவே 93 டிகிரி முன்னே சென்றதும், 27 டிகிரி பின்னே சென்றதும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். கண் குறைந்த தூரத்தையே நம்புகிறது. விநாடிக்கு 120 படங்கள் எடுத்தால் இந்த ஏமாற்றம் மறைந்துவிடும்.

விளையாட்டல்ல

எடையைக் கணக்கிடுவதும் அச்சு முனைகளைக் கவனிப்பதும் வெறும் பொழுதுபோக்குத்தானா? இரண்டு நிகழ்ச்சிகளைப் பாருங்கள்.

1989-ஆம் ஆண்டு மே 12. மொஹாவியிலிருந்து புறப்பட்ட ஒரு சரக்கு வண்டி, 69 வாகன்களில் ட்ரோனா என்ற கனிமத்தை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியது. ஒரு வாகனுக்கு 60 டன் சுமை என்று காகிதத்தில் கணக்கிட்டிருந்தார்கள். உண்மையில் இருந்தது 100 டன். வண்டியின் எடை சுமார் 6,000 டன் என்று நினைத்தார்கள். அதுவோ ஏறத்தாழ 9,000 டன். இன்ஜின்கள் சிலவற்றில் இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் பிரேக்கும் வேலை செய்யவில்லை. மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் சான் பெர்னார்டினோ நகரின் வீடுகளின் மேல் அது பாய்ந்தது. ஊழியர் இருவரும் குழந்தைகள் இருவரும் மாண்டனர். பதின்மூன்றாம் நாள், அவ்விடத்தில் பூமிக்கடியில் சென்ற பெட்ரோல் குழாய் வெடித்து மேலும் இருவர் இறந்தனர். டெஹாச்சப்பி வளையத்தின் நடுக்குன்றில் நிற்கும் வெள்ளைச் சிலுவை, அந்த ஊழியர் இருவரின் நினைவாக வைக்கப்பட்டது.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 3. ஒஹாயோ மாநிலத்தில் 149 வாகன்கள் கொண்ட வண்டி ஒன்று, கிழக்குப் பாலஸ்தீன் என்னும் ஊரில் தடம் புரண்டது. 38 வாகன்கள் சரிந்தன. நச்சு இரசாயனங்கள் தீப்பற்றின. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. காரணம், ஒரே ஒரு பேரிங் சூடாகிப் பழுதானது. பாதையோரம் பதித்திருந்த வெப்ப உணர்விகள் வழிநெடுக அதை அளந்தன. முதல் இடத்தில் சுற்றுப்புறத்தைவிட 21 டிகிரி செல்சியஸ் அதிகம். அடுத்து 57 டிகிரி. அதற்கு அடுத்த உணர்வி 32 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அங்கே 141 டிகிரி! அதன் பிறகுதான் நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை ஒலித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஆனால் 32 கிலோமீட்டருக்கு முன்பே, சேலம் என்ற பெயருடைய ஒஹாயோ ஊரில், பாதையை நோக்கியிருந்த ஒரு காவல் காமிராவில் வாகனுக்கு அடியில் தீ ஒளிர்வது பதிவாகியிருந்தது. அதை அந்த நேரத்தில் பார்க்கத்தான் யாரும் இல்லை.

வண்டிகள் நீளமாகிக்கொண்டே போகின்றன. வண்டிக்கு உள்ளே இருப்பவர்களோ ஒருவர், இருவர். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அச்சில் புகை வந்தால் அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பாதையோரத்தில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்குத் தெரியும். புகை, தீப்பொறி, தொங்கும் கம்பி, சுழலாமல் தேய்ந்து செல்லும் சக்கரம் ஆகியவற்றைக் கண்டால் உடனே நிலையத்துக்கோ கேட் காப்பாளருக்கோ சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை

தண்டவாளத்தின் அருகே செல்லாதீர்கள். இந்தியாவில் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி பாதையில் அத்துமீறி நுழைவது குற்றம். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு: உங்கள் கண்ணே உங்களை ஏமாற்றும். பெரிய பொருள் ஒன்று நம்மை நோக்கி வரும்போது அது உண்மையைவிட மெதுவாக வருவதாகத் தோன்றும். இதை ஹெர்ஷல் லீபோவிட்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1985-ல் எடுத்துக்காட்டினார். சிறிய காமிராத் திரையில் பார்த்தால் தூரமும் புரியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சுமை வண்டி, பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடித்தான் நிற்கும். எனவே கேட்டுக்கு வெளியே, மேம்பாலத்தின் நடைபாதையில், பாதைக்கு அப்பால் உள்ள பொது இடத்தில் நின்று பாருங்கள். மின்சாரப் பாதையின் மேல் உள்ள கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. நீண்ட கம்புகளில் காமிராவைக் கட்டி உயர்த்த வேண்டாம்.

அடுத்த முறை கேட் மூடியிருக்கும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், வாகன்களை எண்ணுங்கள், ஊதலைக் கேளுங்கள். கடைசி வாகன் கடந்து போகும் வரை அச்சுகளின் மீது ஒரு கண் வையுங்கள்.